மிருகம் வரும் சத்தம்

அப்பா படம் பார்க்க வருகிறார் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கூப்பிட்டது தயாரிப்பாளர். தங்கமான மனுஷர். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கே போன் போட்டு, "அண்ணனும் தங்கச்சியும் சேந்து படம் எடுத்திருக்காங்க, பெத்தவங்க வராம இருக்கலாமா?" என்று அழைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

நமக்குத் தெரியும். பெரியவன் டைரக்டர், சின்னவள் சவுண்ட். இருவரும் எடுத்தது சிரிப்புப் படம். ஒரு ஊர், ஊர் நடுவில் ஒரு மிருகம். அதை விரட்ட யாருக்கும் துணிச்சல் இல்லாததால் அதற்குத் தோதாக வாழப் பழகிக்கொள்கிறார்கள். அது தூங்கும்போது குழந்தைகள் அழக்கூடாது என்று ஒரு சட்டம். அதன் வாலை மிதிக்காமல் நடக்க ஒரு பயிற்சி வகுப்பு. அதற்கு நகம் வெட்ட ஒரு இலாகா, அந்த இலாகாவுக்கு ஒரு செயலாளர், செயலாளருக்கு ஒரு கார். மிருகம் தெருவில் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.

கதையைக் கேட்டவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, இது நம்ம அப்பா" என்றாள். "மெதுவா பேசு" என்றான் பெரியவன். அப்பா அப்போது ஊரின் இன்னொரு கோடியில் இருந்தார்.

எடுக்கும்போது இருந்த வீராப்பு, வெட்டி ஒட்டும் அறைக்கு வந்ததும் அவனை விட்டுப் போய்விட்டது. முதலில் மிருகத்துக்கு மாட்டியிருந்த, அப்பா போடுவது போன்ற மூக்குக் கண்ணாடியைக் கம்ப்யூட்டரில் அழித்தான். அப்புறம் மிருகம் சாப்பிட்டு முடிக்கும்வரை ஊரே பக்கத்தில் நிற்கும் காட்சி போயிற்று. கடைசியில் கிளைமாக்ஸையே தூக்கிப் போட்டுவிட்டு, பட்டாளம் வந்து மிருகத்தைக் கொளுத்துவதாகப் புதிதாக ஒன்றை எடுத்துச் சேர்த்தான். பல்லைப் பிடுங்கிவிட்டுப் பாம்பை மட்டும் பெட்டியில் வைத்த கதைதான். தங்கையும் வாயை மூடிக்கொண்டு கூடவே இருந்தாள்.

இனிமேல் அப்பா பார்த்தாலும் கவலையில்லை என்று இருவரும் நம்பினார்கள். ஒன்றை மறந்திருந்தார்கள் என்பது படம் போட்ட அன்றைக்கு மத்தியானம்தான் தெரிந்தது.

*

சின்னவள் வீட்டுக்குப் போனபோது அம்மா கிளம்பித் தயாராக, கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாக முடிச்சு விழுந்திருந்தன.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னு சொன்னாரு." அம்மா சிரித்தாள். "அவருக்கென்ன, சொல்லிட்டாரு."

சின்னவளால் சிரிக்க முடியவில்லை.

அந்த வீட்டில் யார் தப்புச் செய்தாலும் நிற்பது அம்மா. பெரியவன் பரீட்சையில் கோட்டை விட்டால், சின்னவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், அப்பா கை ஓங்க மாட்டார். குரலைக்கூட உயர்த்த மாட்டார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்பார். வீட்டுக்கு வந்ததும் பேசவும் மாட்டார். அம்மாவைப் பார்த்து, "நில்லு" என்பார். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் அம்மா நிற்பாள். அப்பா சாப்பிட்டு, பேப்பர் படித்து, படுத்துத் தூங்கி எழுந்திருக்கும்வரை நிற்பாள். ஒரு தடவை பெரியவன் பொறுக்க முடியாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் வைத்தான். அதற்காக மறுநாளும் நின்றாள்.

அதனால் பிள்ளைகள் இரண்டும் பயந்தது தங்களுக்காக இல்லை. அப்படித்தான் அவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

வெளியே கேட் கொக்கி தூக்கும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு வேலை, கட்டடம் கட்டடமாகப் போய் லிப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது. சனிக்கிழமை அரை நாள். படியில் ஷூவை இடது, வலது என்று இரண்டு தரம் தேய்த்தார். தொண்டையை இரண்டு தரம் கனைத்தார். கதவைத் திறந்து, சாவிக் கொத்தை வாசலோரம் இருந்த எவர்சில்வர் தட்டில் போட்டார்.

சாவி விழுவதற்குள் எல்லோரும் எழுந்து நின்றிருக்க வேண்டும் என்பது சட்டம். முப்பதைத் தாண்டி, தனி வீடு எடுத்து, தன் சம்பாத்தியத்தில் வாழும் சின்னவளும் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கிளம்பலாமா?" என்றார் அப்பா.

காரில் போகும்போது கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "உங்க படத்துல கருத்து கிருத்து ஏதாவது இருக்கா?"

"இல்லப்பா. சும்மா சிரிக்கத்தான்."

"நல்லது. எல்லாரும் கருத்து சொல்ல ஆரம்பிச்சுட்டா கேக்கறதுக்கு ஆள் வேண்டாமா?"

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் முடிந்ததும் நான் என் வீட்டுக்குப் போவேன், அண்ணன் அவன் வீட்டுக்குப் போவான், அம்மா இந்தக் காரில் இந்த மனிதரோடு திரும்புவாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

*

தியேட்டர் வாசலில் பெரியவன் நின்றுகொண்டிருந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான், முகத்தைத்தான் போட மறந்துவிட்டான். பக்கத்தில் அண்ணி, கையில் ஒரு வாளி பாப்கார்னோடு.

"வாங்க மாமா, வாங்க அத்தை! இவரு ராத்திரி பூரா தூங்கல. பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட இப்படி உலாத்துவாரான்னு சந்தேகம்தான்" என்றாள் அண்ணி.

அவள் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. கல்யாணமானதும் தனிக்குடித்தனம். மாமனார் கண்டிப்பானவர் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தாள். கண்டிப்பு என்ற வார்த்தைக்குள் என்னென்ன அடங்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அதற்குள் 'ரப்பர்' ஓடி வந்தான். படத்தில் மிருக வேஷம் போட்டவன். ரப்பர் தோலுக்குள் வெந்து வியர்த்து மாசக்கணக்கில் நடித்ததில் சொந்தப் பேர் மறந்து அந்தப் பேரே நிலைத்துவிட்டது. நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"சார், நீங்கதான் டைரக்டரோட அப்பாவா? எனக்கு மிருகம் எப்படி நடக்கணும்னே புரியல சார். உங்க பையன் நடந்து காமிச்சாரு பாருங்க! கைய பின்னால கட்டிக்கிட்டு, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நின்னு… எங்க கத்துக்கிட்டாரோ, அப்படியே உடம்பு நடுங்கிச்சு சார்!"

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், உன்ன புரொட்யூசர் தேடறாரு" என்று பெரியவன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனான்.

"அப்படியா நடந்தான்?" என்று அப்பா யாரிடமும் இல்லாமல் கேட்டார். பிறகு உள்ளே போனார். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நின்று.

*

வரிசையின் ஓரத்தில் அப்பா. அவருக்கு அடுத்து அம்மா, அப்புறம் சின்னவள், அண்ணி, பெரியவன். விளக்கு அணைந்தது.

ஆரம்பம் பிரமாதம் என்றுதான் சொல்ல வேண்டும். மிருகத்துக்கு நகம் வெட்டும் இலாகாவில் வேலைக்குச் சேர ஆட்கள் வரிசையில் நின்று, 'அனுபவம்: இரண்டு விரல் இழப்பு' என்று பெருமையாகச் சொன்னபோது தியேட்டர் அதிர்ந்தது. அப்பாவும் சிரித்தார். வாய்விட்டே சிரித்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் கொஞ்சம் சிரித்தாள். சின்னவளுக்கு மூச்சு வந்தது. ஒன்றும் ஆகாது. கண்ணாடி இல்லை, மேஜை இல்லை, நிற்கிற காட்சி இல்லை. அப்பாவுக்கு இது வேறு யாரோ ஒருத்தரைப் பற்றிய படம்.

பிறகு திரையில் தெரு இருண்டது. மிருகம் முதல்முறையாக வரப்போகிறது.

மிருகத்துக்கு முன்னால் அதன் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகச் சின்னவள் படாத பாடு பட்டிருந்தாள். சிங்கம், யானை, தண்டவாளத்தில் ரயில் பெட்டி உராய்வது என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். ஒன்றும் பயமுறுத்தவில்லை. ஒருநாள் அலுத்துப்போய், ஸ்டூடியோவில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஏதோ செய்து பதிவெடுத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினாள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "இதான் பாப்பா. இதையே வெச்சுடு. முதுகு சில்லுனு ஆயிடுச்சு" என்றான். தனக்கு இவ்வளவு திறமையா என்று அன்றைக்கு அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்போது அந்தச் சத்தம் இருட்டில் நாலு பக்கமிருந்தும் வந்தது.

ஏதோ கனமான ஒன்று தரையில் தேய்ந்தது. இன்னொரு தரம் தேய்ந்தது. பிறகு ஆழத்திலிருந்து ஒரு கனைப்பு. இன்னொரு கனைப்பு. பிறகு, இரும்பு இரும்பின் மேல் விழும் நீண்ட அதிர்வு.

அம்மா எழுந்து நின்றாள்.

படம் பார்க்கும் கூட்டத்தின் நடுவில், இருட்டில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, தலையைக் குனிந்து நின்றாள். பின்னாலிருந்து யாரோ, "மறைக்குது, உட்காருங்கம்மா" என்றார்கள்.

சின்னவளின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தன. இடுப்பு ஆசனத்தை விட்டுப் பாதி எழும்பியிருந்தது. அந்தப் பக்கம் பெரியவன் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கி விறைப்பாகிவிட்டான். வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது அண்ணி ஒருத்திதான்.

"அத்தை, என்னாச்சு? பாத்ரூமா?" என்று கிசுகிசுத்தாள், பாப்கார்னை மென்றபடி.

அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது. அன்றைக்கு ஸ்டூடியோவில் அவள் கைக்குக் கிடைத்தது ஒரு பழைய ஷூ, அவளுடைய வீட்டுச் சாவி, டீ வைத்துக் கொடுக்கும் ஒரு தட்டு. தேய்த்தது இரண்டு தரம். கனைத்தது இரண்டு தரம். கடைசியில் சாவியைத் தட்டில் போட்டாள். உலகத்தில் பயத்துக்கு வேறு சத்தம் இருக்க முடியும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவள் அண்ணனுக்கும் தோன்றவில்லை. கண்ணாடியை அழித்தார்கள், காட்சிகளை வெட்டினார்கள். இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

"உட்காரு" என்றார் அப்பா. அம்மா உட்கார்ந்தாள். அப்பா திரையைப் பார்க்கவில்லை. திரையின் வெளிச்சத்தில் அம்மாவைப் பார்த்தார். நெற்றியில் சின்னதாக ஒரு சுருக்கம். லிப்டில் எங்கோ ஒரு கம்பி பிசகியிருக்கிறது, எங்கே என்று தேடும்போது வரும் சுருக்கம் அது.

இரண்டாவது முறை மிருகம் வந்தபோது அப்பா தயாராக இருந்தார். தெரு இருண்டவுடனே உடம்பைத் திருப்பிக்கொண்டு வரிசை முழுவதையும் பார்த்தார். சத்தம் வந்தது. எழுந்துவிடக் கூடாது என்று சின்னவள் பல்லைக் கடித்தாள். அம்மா நாற்காலியோடு தன்னைக் கட்டிப்போட்டவள் போல உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் முழங்கால்கள் நடுங்கின. பெரியவன் கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

தியேட்டரில் மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

*

இடைவேளையில் கேண்டீனில் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். தயாரிப்பாளர் அப்பாவின் கையைக் குலுக்கி, "எப்படி சார்?" என்றார். "நல்லா இருக்கு" என்றார் அப்பா.

தயாரிப்பாளர் நகர்ந்ததும், அப்பா கோப்பையை மேஜையில் வைத்தார். பையிலிருந்து கார்ச் சாவிக் கொத்தை எடுத்தார். மேஜை மேல் காலியான எவர்சில்வர் தட்டு ஒன்று கிடந்தது. கையைக் கொஞ்சம் உயர்த்தி, அவசரமே இல்லாமல், சாவியை அதில் போட்டார்.

தலையைச் சாய்த்து அந்த அதிர்வு அடங்கும்வரை கேட்டார்.

சின்னவள் மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். கையிலிருந்த டீ விரலில் சிந்தியது. சுட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "டீ ஆறிப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அவள் அம்மாவைத் தேடி ஓடினாள். அம்மா பெண்கள் கழிப்பறையில், குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா…"

"அவர் சத்தம்தானே அது?"

"சத்தியமா எனக்கே தெரியலம்மா. இப்ப கேக்கும்போதுதான் தெரியுது."

"நான் பாட்டுக்கு எழுந்து நின்னுட்டேன் பாரு." அம்மா கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தாள். "அவ்வளவு பேர் நடுவுல. தியேட்டர்ல. பக்கத்துல அவரு உட்காந்திருக்காரு, வெளில இருந்து வரதும் அவருதான்னு எழுந்து நிக்கறேன். ரெண்டு பேருக்கும் சேத்து நின்னேன் போல."

"அம்மா, அப்பாக்கு தெரிஞ்சுடுச்சு. நீ இன்னைக்கு அவரோட போகாத. என் வீட்டுக்கு வந்துடு."

அம்மா குழாயை மூடினாள். "படம் எப்படி முடியுது?"

"அது இப்ப எதுக்கும்மா?"

"சொல்லேன்."

"பட்டாளம் வந்து கொளுத்திடுது."

"அவ்வளவுதானா?" அம்மாவின் குரலில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. "இத்தன பேர் பயந்து பயந்து சாகறாங்க, கடைசில எவனோ வந்து கொளுத்திட்டுப் போறானா? முதல்லயும் இப்படியேதான் எழுதினானா அவன்?"

சின்னவள் தயங்கினாள். பிறகு சொன்னாள். முதலில் இருந்த முடிவில், ஊரில் துணி தைக்கும் ஒருத்தி இருப்பாள். ஒருநாள் மிருகம் வரும்போது அவளுக்குக் கால் வலிக்கும். வீரம் ஒன்றும் இல்லை, வெறும் கால் வலிதான். உட்கார்ந்துவிடுவாள். மிருகம் உறுமும். அவள் எழுந்திருக்க மாட்டாள். பக்கத்தில் இருப்பவனும் உட்காருவான். அப்புறம் இன்னொருத்தி. யாரும் நிற்காமல் போகப் போக மிருகம் சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில் ஒரு பூனை அளவுக்கு ஆகி, நடுத்தெருவில் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும்.

அம்மா அசையாமல் கேட்டாள். "இத ஏன் வெட்டினீங்க?"

"உனக்காகத்தாம்மா. அப்பா புரிஞ்சுக்கிட்டா, நீதானே…"

"எனக்காகன்னு சொல்லாத." அம்மா கோபமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. இது கோபம்தானா என்றுகூட முதலில் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக இருந்தது. "சின்ன வயசுலேர்ந்து ரெண்டு பேரும் இதையே சொல்றீங்க. அம்மாக்காகப் பேசல, அம்மாக்காக அடங்கிப் போனோம். நானும் உங்களுக்காக நின்னேன்னு சொல்லிக்கிட்டேன். உங்க பயத்துக்கு என் பேர வெக்காதீங்கடி. நான் என் பயத்துக்கு உங்க பேர வெச்சது போதும்."

வெளியே மணி அடித்தது. சின்னவள் அழுதுவிட்டாள். அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

*

இடைவேளைக்குப் பிறகு படம் படுத்துவிட்டது. அதை மறைப்பானேன்? முதல் பாதியில் சிரித்த வாய்கள் எல்லாம் கொட்டாவி விட்டன. எங்கே இந்தப் படம் நம்மைக் கடிக்கப் போகிறதோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள், அது கடிக்காது என்று தெரிந்ததும் சாய்ந்துகொண்டார்கள். பட்டாளம் வந்தது, தீ வைத்தது, புகை வந்தது. மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

வெளியே வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் பெரியவன் தோளில் தட்டினார். "தம்பி, ஆரம்பம் அமர்க்களம். கடைசில என்ன ஆச்சு? நீங்களே பயந்துட்ட மாதிரி இருக்கே!"

பெரியவன் சிரித்து மழுப்பினான். அப்பா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்து, குடும்பம் மட்டும் வாசல் படிகளின் உச்சியில் நின்றபோது அருகில் வந்தார்.

"அந்தச் சத்தம் ரொம்ப நல்லா இருந்தது. யார் போட்டது?"

படிகளில் சாயங்கால வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. சின்னவள் அண்ணனைப் பார்த்தாள்.

"அது… ரெடிமேடா கிடைக்கும்பா. வாங்கிப் போட்டோம்" என்றான் பெரியவன்.

"என்னங்க பொய் சொல்றீங்க?" என்றாள் அண்ணி, விவரம் புரியாமல். "பாப்பா பண்ணினது மாமா! என்ன திறமை தெரியுமா அவளுக்கு!"

"தெரியும்" என்றார் அப்பா. சின்னவளைப் பார்த்தார். பெரியவனைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, வழக்கமான அதே குரலில் சொன்னார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

படியிறங்கிக் கார் நிற்கும் இடத்துக்குப் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நின்று.

பெரியவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "அம்மா, நீ போ. ஒண்ணும் பேசாத. நான் ராத்திரி போன் பண்றேன்" என்றான். எத்தனையோ வருஷமாக அவன் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வார்த்தைகள். அவன் குரல் உடைந்திருந்தது. அம்மாவின் மேல் அவனுக்கு உயிர். அந்த உயிரால் அவளுக்கு இதுவரை ஒரு நாற்காலி கிடைக்கவில்லை.

கீழே அப்பா காரின் கதவைத் திறந்தார். திரும்பி நின்று தொண்டையைக் கனைத்தார். ஒரு தரம். இன்னொரு தரம். சாவிக் கொத்தைக் காரின் கூரை மேல் போட்டார். டிங்கென்று அந்தச் சத்தம் படியேறி வந்தது.

அம்மா ஓரடி வைத்தாள். நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"நான் கொஞ்சம் உட்காந்துக்கறேன்" என்றாள்.

சொல்லிவிட்டு மேல் படியிலேயே உட்கார்ந்தாள். கைப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"அம்மா, எழுந்திரு" என்றான் பெரியவன், பதறிப்போய். "எழுந்திரும்மா, பாக்கறாரு!"

"பாக்கட்டும்ப்பா. கால் வலிக்குது."

அப்பா மறுபடியும் கனைத்தார். வேகம் குறைக்காத, சின்னவள் பிறந்ததிலிருந்து கேட்ட அசல் சத்தம். அம்மா எழுந்திருக்கவில்லை. அவள் முழங்கால்கள் தியேட்டரில் நடுங்கிய அதே மாதிரி நடுங்கின. அவற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் கையிலிருந்த பாப்கார்ன் வாளி சாய்ந்து, படியெல்லாம் கொட்டியது. கண்டிப்பு என்றால் என்ன என்று அவளுக்கு இப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

சின்னவளுக்கு உட்காருவது இவ்வளவு கஷ்டமான காரியமா என்று இருந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். கல் சுட்டது. அம்மாவின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. அது சில்லென்று இருந்தது.

வெட்டி எறிந்த காட்சியில் இந்த இடத்தில்தான் மிருகம் சிறுக்க ஆரம்பிக்கும்.

அப்பா சிறுக்கவில்லை. காரின் கதவைச் சாத்தினார். சாவிக் கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மேலே பார்த்தபடி, முதல் படியில் கால் வைத்தார்.

"அண்ணா" என்றாள் சின்னவள், திரும்பாமல். "உட்காரேன்."

அவளுக்குப் பின்னால், தலைக்கு மேலே, அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பெரியவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.